ஒற்றுமை எனும் ஒப்பாரி

"முடிந்துவிட்டது, தம்பி! அமெரிக்காவிலேயே முடிந்துவிட்டது! இனி வேறு எங்கே வாழப்போகிறது உங்கள் மக்களாட்சி?"

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில், மாலைதோறும் ஆங்கில ஏட்டினை முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்த பிறகே மூக்குக் கண்ணாடியைக் கழற்றும் பெரியவர் ஒருவர் உண்டு. அரசுப் பணியிலே உயர்ந்த இடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். படித்தவர், பண்பாளர், என்பால் பரிவு கொண்டவர். அவர்தான் ஏட்டை மடித்து மேசைமீது போட்டுவிட்டு அவ்விதம் கூறினார். கூறியதோடு நின்றாரா? "நாடு இரண்டாகப் பிளந்துவிட்டது. தந்தை ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி; இருவரும் ஒரே மேசையில் உணவருந்துவதில்லையாம். ஐசனோவர் காலத்து அமெரிக்கா இப்படியா இருந்தது? எவ்வளவு ஒற்றுமை! எவ்வளவு அடக்கம்! கண்டவர் கையிலெல்லாம் ஓட்டைக் கொடுத்தால் கடைசியில் இந்தக் கதிதான்" என்று பெருமூச்செறிந்தார்.

பெரியவர் தனியொருவரல்லர். அவர் வாயிலிருந்து வந்தது அவர் கண்டுபிடித்த கருத்துமன்று. அமெரிக்கப் பேராசிரியர்கள் ஏடு ஏடாக எழுதுகின்றனர். தொலைக்காட்சியிலே தொண்டை வற்றப் பேசுகின்றனர். பிளவு! பிளவு! நோய் அதுவே, நாடு நலிந்தது அதனாலேயே, ஆகவே ஒன்றுபடுக, விட்டுக்கொடுக்க, பழைய பண்பாட்டுக்குத் திரும்புக! இந்த ஒப்பாரியைக் கேட்டுக் கேட்டு, அது உண்மையே என்று நம்பிவிட்டவர்கள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

அச்சம் பொய்யென்று நான் கூறவில்லை. அமெரிக்க மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 1958-இல், வாஷிங்டனில் உள்ள அரசு பெரும்பாலும் நேர்மையாக நடக்கும் என்று நம்பியோர் நூற்றுக்கு 73 பேர்; 2024-இல் அவ்விதம் நம்பியோர் 22 பேர். வீடு தீப்பற்றி எரிகிறது என்பதிலே ஐயமில்லை. தீ வைத்தது எது என்பதிலேதான் எனக்கும் பெரியவருக்கும் வழக்கு.

ஒற்றுமையாக இருந்த அமெரிக்கா! எந்த ஆண்டில், ஐயா?

1856-ஆம் ஆண்டு மே திங்கள் 22-ஆம் நாள். இடம், செனட் சபை. அடிமை முறையைச் சாடிப் பேசிய சார்லஸ் சம்னர் எனும் செனட்டர் தம் மேசையருகே அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். தென் கரோலினாவின் பிரதிநிதி பிரஸ்டன் புரூக்ஸ் என்பார் வருகிறார், கைத்தடியை ஓங்குகிறார், சம்னர் குருதி வெள்ளத்தில் சாயும் வரை, தடி ஒடியும் வரை அடிக்கிறார். அடித்தவரை அவருடைய தொகுதி மக்கள் வெறுத்தனரா? இல்லை; புதிய கைத்தடிகளை வாங்கிப் பரிசாக அனுப்பி வைத்தனர்! சம்னர் முழுமையாகத் திரும்பிவர மூன்றாண்டுகள் ஆயின. அடுத்து வந்தது உள்நாட்டுப் போர். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒற்றுமை எங்கே அங்கே?

லிங்கனைத் துணைக்கு அழைக்கின்றனர் இந்த ஒற்றுமைப் பூசாரிகள். பிளவுபட்ட வீடு நிலைக்காது என்று 1858-இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலே அவர் பேசினாரன்றோ, கேளீர், கேளீர் என்கின்றனர். கேட்கத்தான் வேண்டும், ஆனால், முழுவதும் கேட்கவேண்டும். சண்டை வேண்டாம், சமாதானமாகப் போவோம் என்றா பேசினார் அவர்? பாதி அடிமை நாடாகவும் பாதி உரிமை நாடாகவும் இது இருக்கமுடியாது, ஏதேனும் ஒன்றாகத்தான் ஆகும் என்றார். முதல் வரியை மட்டும் பெயர்த்தெடுத்து, மாலையிட்டு, மணியடித்து விழா நடத்துகின்றனர். அடுத்த வரியை மறைத்துவிடுகின்றனர். நல்ல பக்தி!

சரி, பெரியவர் போற்றும் ஐசனோவர் காலத்துக்கே வருவோம். அந்த நாளில் இரு கட்சிகளுக்குமிடையே பெரும்பகை இல்லை என்பது உண்மையே. எந்த அளவுக்கு உண்மையென்றால், 1950-இல் அமெரிக்க அரசியல் அறிவியல் கழகத்தின் குழுவொன்று ஓர் அறிக்கை வெளியிட்டது. இரு கட்சிகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன, வேறுபாடு போதவில்லை, வாக்காளர் எதைத் தேர்ந்தெடுப்பது என்று விளங்காமல் திகைக்கின்றனர் என்று அதிலே குறை கூறியது! இன்று பிளவு கண்டு அழுகின்ற அறிஞர்களின் ஆசான்கள், அன்று பிளவு போதவில்லையே என்று அழுதனர். அழுகை மட்டும் ஓயவில்லை.

கட்சிகள் ஏன் ஒன்றுபோல் இருந்தன? ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதில்லை என்று இரண்டும் பேசாமலே உடன்பாடு செய்துகொண்டிருந்த காரணத்தால்! அந்தப் பொருள், தென் மாநிலங்களில் வாழ்ந்த கருப்பின மக்களின் வாழ்வு. 1956-இல், வெள்ளைக் குழந்தையும் கருப்புக் குழந்தையும் ஒரே பள்ளியில் படிப்பதா என்று கொதித்து, தென்பகுதிச் செனட்டர்களும் பிரதிநிதிகளுமாக நூறு பேரளவில் கையெழுத்திட்டு அறிக்கை விட்டனர். மிகப் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சியினர், உடன் சில குடியரசுக் கட்சியினர். 1957-இல், வலுவற்றதொரு உரிமைச் சட்டத்தைத் தடுக்க, ஸ்ட்ராம் தர்மண்ட் எனும் செனட்டர் 24 மணி 18 நிமிடம் இடைவிடாது பேசினார். அன்று மிசிசிப்பி மாநிலத்தில் வயதுவந்த கருப்பின மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை.

அந்த ஒற்றுமை இப்படித்தான் நின்றது. மேடையிலே இருவர் தழுவிக்கொண்டனர். மேடைக்குக் கீழே மிதிபட்டவர் முனகல் வெளியே கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையே அமைதி என்றெழுதினர் ஏட்டில்.

மிதித்தது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். நான் வரலாறு கற்பிப்பவன். என் கையிலிருக்கும் பாடநூலில் லிங்கன் அடிமைகளை விடுவித்தார் என்றொரு வரி; அடுத்து மார்ட்டின் லூதர் கிங் என்றொரு வரி. இடையிலே நூறாண்டு எங்கே போயிற்று என்று மாணவன் கேட்டால், பாடநூல் பதில் கூறாது.

1870-இல், நிறங்காரணமாக எவருடைய வாக்கையும் மறுக்கலாகாது என்று அரசமைப்பிலே 15-ஆவது திருத்தம் ஏறியது. விடுதலை பெற்ற மக்கள் வாக்களித்தனர், சட்டமன்றம் புகுந்தனர், செனட் சபையிலும் அமர்ந்தனர். ஆறே ஆண்டுகள் சென்றன. 1876-இல் குடியரசுத் தலைவர் தேர்தல். மக்களின் வாக்குகளிலே முந்தியவர் டில்டன். தென் மாநிலங்கள் மூன்றின் கணக்கில் வழக்கு. உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டுவிடுமோ என்று அஞ்சினர். பெரியவர்கள் கூடினர், பேசினர், விட்டுக்கொடுத்தனர். 185-க்கு 184 என்று ஹேய்ஸ் தலைவரானார். தென்னகத்து அரசு மனைகளைக் காத்து நின்ற கூட்டரசின் படை 1877-இல் விலகியது. பிளவு தீர்ந்தது! சமரசம் மலர்ந்தது! வடக்கு வெள்ளையரும் தெற்கு வெள்ளையரும் கைகுலுக்கினர். விலை கொடுத்தவர் மட்டும் அந்த அறையிலே இல்லை.

அதன் பிறகு நடந்தது கொலை மட்டுமன்று, கணக்கு. 1890-இல் மிசிசிப்பி புதிய அரசமைப்பு இயற்றியது. நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதிலே கிடையாது, கெட்டிக்காரர்கள்! வாக்களிக்க இரண்டு டாலர் தலைவரி கட்டவேண்டும். அரசமைப்பின் ஒரு பகுதியைப் படிக்கவோ, படிக்கக் கேட்டுப் பொருள் கூறவோ வேண்டும். பொருள் சரியா என்று கூறுபவர் யார்? பதிவு அலுவலர். அவர் யார்? வெள்ளையர். எழுத்தறியா வெள்ளையர் கூறும் பொருள் அவருக்கு விளங்கும். பட்டம் பெற்ற கருப்பர் கூறும் பொருள் விளங்காது. லூசியானா இதற்கும் ஒரு படி மேலே சென்றது. 1898-இல் அது இயற்றிய விதிக்குப் பாட்டன் விதி என்றே பெயர். 1867-ஆம் ஆண்டு முதல் நாளன்று உன் தந்தையோ பாட்டனோ வாக்குரிமை பெற்றிருந்தால், உனக்குத் தேர்வு வேண்டியதில்லை, சொத்தும் வேண்டியதில்லை. அந்த நாளில் கருப்பரின் பாட்டன் எப்படி வாக்குரிமை பெற்றிருப்பான்? பிறப்பு பார்த்து உரிமை வழங்கும் வித்தை எந்த ஒரு நாட்டுக்கும் தனிச்சொத்தன்று போலும்!

விளைவு? 1896-இல் லூசியானாவில் பதிவு பெற்றிருந்த கருப்பின வாக்காளர் 1,30,334 பேர். 1904-இல் 1,342 பேர்.

இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையிலே எழுதிவிட்டு ஒரு நாள் நான் பேசாமல் நின்றேன். மாணவர்களும் பேசவில்லை.

வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் அந்த அளவு பொறுமைகூட இல்லை. வெள்ளையரும் கருப்பருமாகச் சேர்ந்து தேர்தலிலே வென்று நகராட்சி நடத்தினர். 1898 நவம்பர் 10-ஆம் நாள், ஆயுதமேந்திய வெள்ளையர் கூட்டம் திரண்டது; கருப்பர் நடத்திய நாளேட்டின் அலுவலகத்துக்குத் தீயிட்டது; தெருவிலே கண்டவரைச் சுட்டது; நகராட்சித் தலைவரையும் உறுப்பினர்களையும் அன்றே பதவி விலகச் செய்து, கூட்டத்தின் தலைவர் வாடெல் என்பாரே நகராட்சித் தலைவராக அமர்ந்தார். தேர்தலில் வென்றவரைக் கூட்டம் திரட்டி விரட்டும் செயல் அமெரிக்காவுக்குப் புதிது, 2021-இல்தான் தோன்றியது என்று திகைக்கின்றவர்கள், வில்மிங்டனைப் பற்றிப் படிக்காதவர்கள். அன்று விரட்டியவரை எந்த நீதிமன்றமும் தண்டிக்கவில்லை.

தலைவரியும் தேர்வும் கருப்பரை மட்டுமா வெளியேற்றின? வரிகட்டக் காசில்லாத ஏழை வெள்ளையரும் ஆயிரக்கணக்கிலே பட்டியலிலிருந்து வீழ்ந்தனர். உன் நிறம் உயர்ந்தது என்று அவர்களுக்கு ஓதப்பட்டது. ஓதிக்கொண்டே ஓட்டையும் பறித்துக்கொண்டனர். பருத்திப் பண்ணையார் சிரித்தார்.

இந்த இருளில் விளக்கேற்றியவர் எவரெனில், பேராசிரியர்களல்லர். மிசிசிப்பியின் ரூல்வில் எனும் சிற்றூரில், பருத்திப் பண்ணையிலே பாடுபட்ட ஃபானி லூ ஹேமர் அவருள் ஒருவர். 1962 ஆகஸ்ட் 31-ஆம் நாள், தமக்கு ஓட்டு வேண்டுமென்று இண்டியனோலா நகருக்குச் சென்றார், மற்றும் பதினெழுவருடன். வயது நாற்பத்து நான்கு. அப்படியோர் உரிமை தமக்கு உண்டென்பதையே அண்மையில்தான் அறிந்திருந்தார். தேர்வில் தோற்றார் என்று அனுப்பிவிட்டனர். வீடு திரும்பினார், பதிவு மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள், இல்லையேல் வெளியேறு என்றார் பண்ணையார். பதினெட்டாண்டுகள் உழைத்த இடத்தைவிட்டு அன்றிரவே வெளியேறினார் ஹேமர். 1963 ஜூனில் வினோனா நகரச் சிறையில் அவரைக் கிடத்தி அடித்தனர். அந்த அடியின் ஊறு அவர் வாழ்நாள் முழுதும் தீரவில்லை. 1964-இல், அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டின் முன் நின்று இவ்வளவையும் எடுத்துரைத்தார். கேட்டவர் கலங்கினர். கட்சித் தலைவர்கள் கலங்கியது வேறு காரணத்துக்கு: தேர்தல் நேரத்தில் கட்சி பிளவுபடுமே! ஆகவே சமரசம் பேசினர். உங்களுக்கு இரண்டு இடங்கள் தருகிறோம், ஒற்றுமை காப்பீர் என்றனர். இரண்டு இடத்துக்காக இவ்வளவு தொலைவு நாங்கள் வரவில்லை என்று மறுத்துவிட்டார் அந்தப் பருத்திக்காட்டுப் பெண்மணி.

பிளவு உண்டாக்கியவர் அவரா? அப்படித்தான் அன்று கூறினர். 1963-இல் பர்மிங்காம் நகரில் கிங் ஊர்வலம் நடத்தியபோது, வெள்ளைப் பாதிரிமார் எண்மர் கூட்டாக அறிக்கை விட்டனர். இது அறிவுடைமையன்று, காலமும் இதுவன்று என்று. மிகவும் நல்லவர்கள், அமைதி விரும்பிகள். அவர்களும் ஒற்றுமை என்றுதான் கூறினர்.

1965 மார்ச் 7. செல்மா நகரத்துப் பாலம். அறுநூறு பேரளவில் நடந்து வந்தனர், வாக்குரிமை கேட்டு. காவலர் குதிரை மீதும் கால்நடையாகவும் பாய்ந்தனர். தடி, சாட்டை, கண்ணீர்ப்புகை. இருபத்தைந்து வயது ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. என்னைவிட ஓராண்டே மூத்தவர் அன்று அவர். அந்தக் காட்சி தொலைக்காட்சியிலே தெரிந்தது, நாடு கொதித்தது, ஆகஸ்ட் 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. அச்சட்டத்தின் உயிர்நாடி ஒரு விதி. வாக்கினைப் பறித்துப் பழகிய மாநிலங்கள், தேர்தல் விதிகளில் எதை மாற்றுவதாயினும் முன்னதாகவே கூட்டரசின் ஒப்புதல் பெறவேண்டும். திருடிய பின் தேடுவதன்று, திருடுமுன் தடுப்பது. மிசிசிப்பியில் நூற்றுக்கு 6.7 ஆக இருந்த கருப்பின வாக்காளர் பதிவு, 1967-இல் 59.8 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில்!

எனவே, ஐயா, அமெரிக்காவில் வயதுவந்தோர் அனைவரும் உண்மையாகவே வாக்களிக்கும் மக்களாட்சி 1787-இல் பிறக்கவில்லை. 1965-இல்தான் பிறந்தது. நம் நாட்டின் முதற் பொதுத் தேர்தலுக்குப் பின்னால் பிறந்த பிள்ளை அது! முதுமையால் தளர்ந்துவிட்டது என்கிறீர்களே, தொட்டிலிலேயே கழுத்தை நெரிக்கப் பார்த்தார்கள் என்பதன்றோ பொருத்தம்?

நெரித்த கைகளைக் காண்போம். 2006-இல் வாக்குரிமைச் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. செனட் சபையில் 98 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒருவருமில்லை. கீழ்ச்சபையில் 390-க்கு 33. இரு கட்சியும் சேர்ந்த ஒற்றுமை! ஒப்பாரி வைப்போர் தேடித் திரிகின்ற அதே ஒற்றுமை, ஒரு நல்ல செயலுக்காக ஒருமுறை கிடைத்தது. 2013 ஜூன் 25-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், மற்ற நால்வர் மறுக்க, சட்டத்தின் உயிர்நாடியை அறுத்தனர். நாடு மாறிவிட்டது, பழைய கணக்கு பொருந்தாது என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். மழையிலே நனையவில்லையே என்று குடையை வீசி எறிவதா என்று கேட்டார், மறுத்தெழுதிய அம்மையார் கின்ஸ்பர்க். மழை எப்போது வந்தது தெரியுமா? அன்றைக்கே! தீர்ப்பு வெளிவந்த அதே நாளில், அதுவரை தடுக்கப்பட்டிருந்த அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவோம் என்று டெக்சாஸ் அறிவித்தது. வட கரோலினா அவ்வாண்டே ஒரு சட்டம் இயற்றியது. கருப்பின மக்களை அறுவை மருத்துவரின் துல்லியத்தோடு குறிவைத்த சட்டம் என்று கூறி 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது.

தொகுதிகளை வெட்டும் கலையும் உண்டு. 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் கெர்ரி ஒப்பமிட்ட தொகுதிப் படம் பல்லியின் உருவிலே நெளிந்ததால், அக்கலைக்கே அவர் பெயரை ஒட்டிவிட்டனர். 2018-இல் விஸ்கான்சின் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு நூற்றுக்கு 53 வாக்கு. கிடைத்த இடம் 99-இல் 36. மக்கள் தலைவரைத் தேர்ந்தெடுப்பது போய், தலைவர்கள் மக்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். வட கரோலினாவில் படம் வரையப் பொறுப்பேற்ற சட்டமன்ற உறுப்பினர், எங்கள் கட்சிக்கு 10, எதிர்க்கட்சிக்கு 3 என்று வரைகிறோம், 11-க்கு 2 என்று வரைய வழி தெரியவில்லை, அதனால்தான் என்று வெளிப்படையாகவே கூறினார்! வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2019-இல், இது அரசியல், எங்கள் வேலையன்று என்று கையைக் கழுவிக்கொண்டது நீதி.

குடியரசுக் கட்சியைச் சாடவே இவ்வளவும் எழுதுகிறேன் என்று எண்ணவேண்டாம். பாட்டன் விதியை ஆக்கியவர்கள் ஜனநாயகக் கட்சியினர். மேரிலாந்திலும் இல்லினாயிலும் தொகுதிகளை வெட்டியவர்களும் அவர்களே. 2025-இல் டெக்சாஸ் இடையிலேயே தொகுதிகளை மாற்றி ஐந்து இடம் அள்ளத் துணிந்தபோது, கலிபோர்னியா தானும் அவ்விதமே செய்ய மக்களிடம் ஒப்புதல் கேட்டுப் பெற்றது. கேட்டுச் செய்தது என்பது ஒரு வேறுபாடுதான். ஆயினும் நோய் நோயே.

அடித்தளமே சாய்ந்திருக்கிறது என்பதையும் கூறிவிடுகிறேன். 2020 கணக்குப்படி வயோமிங் மாநிலத்தில் ஆறு லட்சத்துக்கும் குறைவான மக்கள். கலிபோர்னியாவில் ஏறத்தாழ நான்கு கோடி. செனட்டில் இருவருக்கும் இரண்டிரண்டு இடம்! 2000-இல் அல் கோர் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றுத் தோற்றார். 2016-இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் பெற்றுத் தோற்றார். பெரும்பான்மை தோற்கும் என்று எழுதி வைத்துக்கொண்டு, மக்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டதே என்று வியப்பானேன்? 2010-இல், நிறுவனங்கள் தேர்தல் பரப்புரைக்கு எவ்வளவு பணத்தை வேண்டுமாயினும் கொட்டலாம் என்று ஐந்துக்கு நான்கு எனத் தீர்ப்பு வந்ததும் இந்தக் கதையின் ஒரு பகுதியே. பணக்காரரின் பேச்சுரிமை காப்பாற்றப்பட்டது, பாவம்!

தோற்ற அல் கோர் என்ன செய்தார்? துணைக் குடியரசுத் தலைவர் என்ற முறையில், 2001 ஜனவரி 6-ஆம் நாள் காங்கிரசில் தலைமையேற்று, தம்முடைய தோல்வியைத் தாமே எண்ணி அறிவித்தார். சரியாக இருபதாண்டுகள். 2021 ஜனவரி 6. தோற்றவர் பெயர் டிரம்ப். பைடனுக்கு 306, அவருக்கு 232. அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள் தோற்றிருந்தன. ஜார்ஜியாவின் தேர்தல் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரவேண்டுமென்று அவர் கேட்டது உலகறியும். தோற்ற வேறுபாடு 11,779. அது நடந்தது ஜனவரி 2-இல். நான்காம் நாள் கூட்டம் கட்டடத்தை உடைத்துப் புகுந்தது. காவலர் 140 பேரளவில் காயமுற்றனர். கண்ணாடித் தூளைப் பெருக்கிவிட்டு அன்றிரவு சபை கூடியபோதும், 147 உறுப்பினர்கள் மக்கள் தீர்ப்பை மறுத்து வாக்களித்தனர்.

ஆனால், என் நெஞ்சில் நிற்பது உடைந்த கண்ணாடியன்று. அட்லாண்டா நகரில் வாக்குகளை எண்ணும் பணியிலே இருந்த ஒரு தாயும் மகளும். கருப்பினப் பெண்கள். எண்ணிக்கொண்டிருந்தபோது தாய் மகளிடம் எதையோ கொடுத்தார். கள்ள ஓட்டுக் கருவி என்று கூவினார் டிரம்பின் வழக்கறிஞர் ஜூலியானி. அது இஞ்சி கலந்த புதினா மிட்டாய்! விளைவு? கொலை மிரட்டல்கள் குவிந்தன. வீட்டைவிட்டு வெளியேறுமாறு புலனாய்வுத் துறையே அந்தத் தாய்க்கு அறிவுரை கூறிற்று. தம் பெயர் பொறித்த சட்டையைப் பெருமையோடு அணிந்து வந்தவர், இனி அதை அணிவதில்லை, எவரிடமும் தம் பெயரைக் கூறிக்கொள்வதும் இல்லை என்று 2022-இல் விசாரணைக் குழுவிடம் உரைத்தார். 2023-இல் நீதிமன்றத்திலே ஜூரிகள் 14.8 கோடி டாலர் இழப்பீடு என்றனர். பணத்துக்குக் கணக்குண்டு. ஹேமர் அன்று ஓட்டுப் போடச் சென்றதற்காக வீட்டை இழந்தார். இந்தத் தாய் ஓட்டை எண்ணியதற்காக வீட்டைவிட்டு ஓடினார். அறுபதாண்டு வளர்ச்சி!

பெரியவர் இங்கே குறுக்கிட்டார், விடுவாரா? "2024-இல் அதே மக்கள்தானே அவரை மறுபடியும் கொண்டுவந்தார்கள்? 312-க்கு 226. மக்கள் வாக்கிலும் முந்தினாரே. நான் சொன்னது சரியாகிவிட்டதல்லவா?" என்றார்.

நியாயமான கேள்வி. வென்றார், அதை மறுப்பவன் மக்களாட்சிக்காரனல்லன். எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸ் மறுநாளே தோல்வியை ஒப்புக்கொண்டார். எந்தக் கூட்டமும் எந்தச் சுவரிலும் ஏறவில்லை. வென்றவரை வரவேற்பது வேறு. வென்றதாலேயே முன்பு செய்தது சரியாகிவிட்டது என்பது வேறு. 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம், பதவியின் பெயரால் செய்த செயல்களுக்குக் குடியரசுத் தலைவருக்குப் பெருங்காப்பு உண்டென்று தீர்த்தது. 2025 ஜனவரி 20-ஆம் நாள், பதவியேற்ற அன்றே, தாக்குதல் வழக்குகளில் சிக்கியிருந்த ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார் டிரம்ப். வில்மிங்டனில் தண்டனையே இல்லை. வாஷிங்டனில் தண்டித்து, பிறகு மன்னித்தனர். இதைத்தான் அஞ்சவேண்டும். தந்தையும் மகனும் ஒரு மேசையில் உண்ணாததையன்று.

கண்டவர் கையில் ஓட்டு என்றீர்களே, ஐயா? 2020-இல் வாக்களிக்கத் தகுதியுடையோரில் நூற்றுக்கு 66 பேரளவில் வாக்களித்தனர். நூறாண்டுகளுக்கு மேல் அந்நாடு காணாத கூட்டம். கொள்ளை நோய்க் காலத்தில் முகத்தை மூடிக்கொண்டு வரிசையிலே நின்ற கண்டவர்கள்! தேர்தலைக் காத்ததும் கண்டவர்களே: மிட்டாய் மென்றுகொண்டு எண்ணிய எழுத்தர்கள், தம் கட்சித் தலைவரே கேட்டும் எண்ணை மாற்ற மறுத்த ஜார்ஜியா அலுவலர், தம்மை அமர்த்தியவருக்கு எதிராகவே தீர்ப்பெழுதிய நீதிபதிகள் சிலர். கவிழ்க்கப் பார்த்தவர்கள் யார்? செனட்டர்கள், பெரும் வழக்கறிஞர்கள், பெருங்கல்லூரிகளின் பட்டங்களைச் சுமந்தவர்கள்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. "அப்படியானால் ஒற்றுமையே வேண்டாம் என்கிறாயா?" என்றார்.

"எவர் எதை விட்டுக்கொடுத்து, ஐயா? 1877-இல் ஒரு முறை விட்டுக்கொடுத்தார்கள்."

படிப்பகத்தை மூடும் நேரம். பொறுப்பாளர் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றினார். பெரியவர் கண்ணாடியை உறையிலே வைத்தவர், மீண்டும் எடுத்து அணிந்துகொண்டார்.

"அந்த லூசியானா கணக்கை இன்னொரு முறை சொல், தம்பி. ஒரு லட்சத்து முப்பதாயிரம் என்றாயே, அது எவ்வளவு ஆயிற்று?"

"1,342, ஐயா."

"எத்தனை ஆண்டில்?"

"எட்டு."